வரைந்த தாள் யாருக்குச் சொந்தம்?

படக்கதை என்றால் குழந்தைகளுக்கு உயிர். அப்பாவும் மறைவாக எடுத்துப் புரட்டுகிறார்! அந்தப் புத்தகம் எப்படித் தயாராயிற்று, தெரியுமா?

அமெரிக்காவில், கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு எல்லாம் கை வேலைதான்.

முதலில் கதையைப் பக்கம் பக்கமாகப் பிரிப்பார்கள். எந்தக் கட்டத்தில் சண்டை, எங்கே திருப்பம் என்று சிறு தாளில் கிறுக்கிப் பார்ப்பார்கள். பிறகு தடித்த அட்டையில் பென்சில் படம். புத்தகத்தின் அளவில் அல்ல, அதைவிடப் பெரிதாக! 1967-ம் ஆண்டு வாக்கில் வரை, நீளத்திலும் அகலத்திலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரிதாக வரைந்து சிறிதாக்கினால் கை நடுக்கமும் சிறிதாகிவிடும் அல்லவா?

அடுத்து, பேச்சை ஒருவர் எழுதுவார். ஒவ்வோர் எழுத்தும் கையால்! இன்னொருவர் பென்சில் கோட்டின் மேல் தூரிகையாலும் பேனாவாலும் கறுப்பு மை இடுவார். கோடு தவறினால் வெள்ளை மை பூசி மறைப்பார். வெளிர் நீலப் பென்சிலில் எழுதிய குறிப்பை மட்டும் அழிக்கவே வேண்டாம். பிளாக் எடுக்கும் காமிராவின் கண்ணுக்கு அந்த நீலம் தெரியாது.

வண்ணம் தீட்டியது மூலத் தாளில் அல்ல, அதன் நகலில்.

அச்சு முடிந்த பின் மூலத் தாள் என்ன ஆயிற்று? இங்கேதான் கொடுமை. பல காலம் அதை யாரும் மதிக்கவில்லை. கிழித்து எறிந்தார்கள். வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தார்கள்.

ஜாக் கிர்பி, மார்வெல் நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கான பக்கங்கள் வரைந்த ஓவியர். தம் தாள்களைத் திருப்பிக் கேட்டார். 88 பக்கங்கள் தருவதாக 1984-ல் நிறுவனம் சொன்னது. அதற்கும் ஒரு நிபந்தனை! நாலு பக்கப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். மற்ற ஓவியர்களுக்கு ஒரு பக்கப் பத்திரம்தான். கிர்பி மறுத்தார். சக ஓவியர்கள் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். 1987-ல் சுமார் 2 ஆயிரம் பக்கங்கள் வீடு வந்து சேர்ந்தன. அவர் வரைந்ததில் அது ஒரு பகுதிதான்.

கதையை அச்சிட்டு விற்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கட்டும். தாள், வரைந்த கைக்கே சொந்தம் என்பதே நம் கருத்து. இன்று பலர் திரையிலேயே வரைகிறார்கள். அதில் மூலத் தாளே கிடையாது. ஆகவே, மிஞ்சிய பழைய தாள்களையாவது காப்பாற்ற வேண்டாமா?

ஒருவர் காப்பாற்றினார். 'ஸ்பைடர்மேன்' முதன்முதலாகத் தோன்றிய இதழ் 1962-ல் வெளிவந்தது. அதற்காக ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 மூலத் தாள்களை, 2008-ல் அவர் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு இலவசமாகவே கொடுத்தார். தம் பெயரைக்கூட வெளியிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.