ஆளில்லாத கப்பலும் அடைத்த கதவும்

காரைக்காலில் வாழ்க்கைப்பட்டவள் பேய்க்குப் பயப்படக் கூடாது. எங்கள் ஊர் அம்மையாரே சிவபெருமானிடம் பேயுரு வேண்டிப் பெற்றவர்தானே! ஆனாலும் போன வாரம் ஒரு படம் பார்த்துவிட்டு, ராத்திரி தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போகக்கூட வீட்டுக்காரரை எழுப்பினேன். சிரிக்காதீர்கள், சகோதரிகளே!

படம் 'பூத்: த ஹான்டட் ஷிப்'. பானு பிரதாப் சிங் எடுத்து, 2020-ல் வந்த ஹிந்திப் படம். எனக்கு ஹிந்தி 'அச்சா'வோடு சரி. கீழே ஓடும் எழுத்தைப் பெண் படித்துச் சொல்லச் சொல்லப் பார்த்தேன்.

'சீ பேர்ட்' என்றொரு பெரிய கப்பல் மும்பை ஜுஹு கடற்கரையில் வந்து தட்டி நிற்கிறது. உள்ளே ஒரு ஆள் கிடையாது. அதைச் சோதிக்கப் போகும் அதிகாரியாக விக்கி கௌஷல்.

கட்டுக்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2011 ஜூனில் 'விஸ்டம்' என்ற கப்பல் நிஜமாகவே அங்கே வந்து நின்றது. கொழும்பிலிருந்து குஜராத்தின் அலங்குக்கு, உடைப்பதற்காக இழுத்துப் போகும்போது கயிறு அறுந்துவிட்டது. ஜூலை கடைசியில், ஓமன் பக்கம் மாலுமிகள் கைவிட்டுப் போன 'பவித்' தானாக மிதந்து வந்து அதே கரையோரம் தட்டியது.

பின்பாதியில் மந்திரம், தந்திரம் என்று வழக்கமான பேய்க்கதை ஆகிவிடுகிறது. முன்பாதிதான் கெட்டிக்காரத்தனம். அந்த அதிகாரி, ஆற்றில் நடந்த விபத்தில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவர். 'என்னால்தான் போனார்கள்' என்று மனசுக்குள் புழுங்குகிறார். வீட்டில் அவர்கள் இருப்பதாகவே கண்ணுக்குத் தெரிகிறது. கப்பலைவிட அந்த வீடுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஏனென்றால் அப்படி ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26, சுனாமி. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அக்காவின் பெண் குழந்தை அதில் போய்விட்டது. சில மாதம் கழித்துக் கூடையோடு வந்தவள், பக்கத்தில் திரும்பி, "வெயில்ல நிக்காதடி, நிழலுக்கு வா" என்றாள். பக்கத்தில் யாருமில்லை. பேய் பிடித்துவிட்டது என்றது தெரு. வேப்பிலை அடித்தார்கள். அப்போது கைக்குழந்தைக்காரியான நானும் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவள் தமக்கை மனநல டாக்டரிடம் கூட்டிப் போய், மெல்லத் தேறினாள். இன்றும் மீன் கொண்டு வருகிறாள். படம் பார்த்த மறுநாள் அவளைத் திண்ணையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, மனசு விட்டுக் கேட்டேன். "எம் புள்ள பேரை யாருமே எடுக்கலம்மா. அதான் நானே கூப்பிட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

துக்க வீட்டுக்குப் பதினாறாம் நாளோடு நம் கடமை முடிவதில்லை. இறந்தவர் பேரைச் சொல்லிப் பேசுங்கள். அழுதால் அழவிடுங்கள். ஆறு மாதம் தாண்டியும் சோறு, தூக்கம், வீட்டு வேலை எதுவும் பிடிபடவில்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவு பகலாக இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

படத்தைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் வேண்டாம். அடுப்படி விளக்கு எரியட்டும்!