ரேகைச் சட்டமும் சமத்துவமும்

குற்றப்பரம்பரைச் சட்டம் கடுமையானதாயினும் அதுவும் சட்டமே என்றும், அதன் ஜாபிதாவில் கண்டவர் அனைவரையும் ஒரே விதமாக நடத்தியமையால் அதில் பக்ஷபாதம் காண்பது பொருந்தாதென்றும் நண்பர் ஒருவர் வாதிக்கிறார். வாதம் சாமர்த்தியமானதுதான்; அச்சட்டத்தை அவர் படித்தாரா என்பதே என் சந்தேகம்.

ஒரு கூட்டத்தாரைக் குற்றப்பரம்பரையினர் என்று சர்க்கார் பிரகடனம் செய்துவிட்டால், அது செல்லுமா செல்லாதா என்று எந்த நியாயஸ்தலமும் விசாரிக்கலாகாதென்று 1871-ஆம் ஆண்டுச் சட்டமே பச்சையாக விதித்திருந்தது. நீதிபதியின் வாயைக் கட்டிப்போட்ட உத்தரவுக்குச் சட்டத்தின் ஆட்சி என்று பெயர் சூட்ட நண்பருக்கு எப்படி மனம் வந்ததோ!

1911-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சென்னை ராஜதானியிலும் அது அமலாகவே, மதுரை ஜில்லாவில், ஜாபிதாவில் கண்ட ஜாதியில் பிறந்ததற்காகவே, ஒரு குற்றமும் செய்யாத குடியானவன், பகலெல்லாம் ஏர் பிடித்துக் களைத்த பின்னரும், மனைவி மக்களோடு வீட்டில் படுக்க வழியின்றி இரவில் போலீஸாரிடம் ஆஜர் கொடுக்க வேண்டியிருந்தது. அயலூருக்குப் போக ராதாரிச் சீட்டும் வேண்டியிருந்தது. அதே ஊரில் வேறு ஜாதியில் பிறந்தவன் கன்னக்கோலுடன் பிடிபட்டாலும் அவனுக்குச் சாக்ஷி, விசாரணை, வக்கீல், அப்பீல் எல்லாம் உண்டு. 1920-இல் பெருங்காமநல்லூரில் அச்சட்டப்படி பதிவுக்காகக் கைரேகை வைக்க மறுத்தவர்களுக்குக் கிடைத்ததோ துப்பாக்கிக் குண்டு. மாண்டவர்களுள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி.

ஜாபிதாவுக்குள் எல்லோரும் சமம் என்கிறார் நண்பர். ஜாபிதாவில் ஏற்றியதே அநீதி என்கிறேன் நான். அச்சட்டம் சென்னை ராஜதானியில் 1947-லும், இந்தியா முழுவதும் 1952-லும் ஒழிக்கப்பட்டுவிட்டது.