வண்டி ஏறி இறங்கட்டும்

எங்கள் தெருமுனையிலிருந்து கோயில் குளக்கரைக்கு அரை மைல்கூட இராது. அந்தத் தூரத்தை, எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி இடக்கையில் பூக்குடலையும் வலக்கையில் ஊன்றுகோலுமாக நாள்தோறும் விடியற்காலையில் நடந்து கடப்பதைப் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். நடைபாதை இல்லை என்று சொல்வது நியாயமாகாது, இருக்கிறது. ஆனால் கார் உள்ளே போவதற்காக வீட்டுக்கு வீடு அது சரிந்து விழுகிறது. சந்துக்குச் சந்து அறுந்து போகிறது. ஓரிடத்தில் மின்சாரப் பெட்டி வழிமறிக்க, அடுத்த இடத்தில் வரிசையாய் நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள் மறிக்க, அதற்கும் அடுத்த இடத்தில் யாரோ கொட்டிப் போன கட்டட மண் மறிக்கிறது. ஒரு நாள் அவர் பின்னாலேயே நடந்து எண்ணினேன். 17 முறை இறங்கினார். 16 முறை ஏறினார். கடைசி முறை முழங்கால் இடம் கொடுக்காமற்போகவே, எஞ்சிய தூரத்தைத் தார்ச்சாலையின் ஓரமாக, பின்னால் வந்த தண்ணீர் லாரியின் ஹாரனுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து முடித்தார்.

பாதசாரிகளுக்கு ஒழுங்கு போதாது, நடைபாதை இருந்தும் அவர்கள் சாலையில்தான் நடப்பார்கள் என்னும் அபிப்பிராயம் நம்மிடையே வெகுவாக வேரூன்றியிருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியதுண்டு. அந்த அம்மையாரின் பின்னால் நடந்த நாளிலிருந்து அவ்வாறு எண்ண என் மனம் இணங்கவில்லை.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் கணக்குக் கூறுகிறது. அவர்களில் 32,825 பேர் எந்த வாகனத்திலும் ஏறாமல், தம் கால்களை மட்டும் நம்பித் தெருவில் இறங்கியவர்கள். நாள் ஒன்றுக்குச் சுமார் 90 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். முறிந்த எலும்பைச் சேர்ப்பதையே தொழிலாகக் கொண்ட கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க வழி தேடி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கிலேதான், 2025 மே மாதத்தில், தடையற்ற நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது ஷரத்து காக்கும் ஜீவாதார உரிமையைச் சேர்ந்தது என்றும், மாற்றுத்திறனாளிகளும் உபயோகிக்கத்தக்கதாக அது அமைய வேண்டும் என்றும் நீதிமன்றம் சொல்லிற்று. உயிரோடு சேர்த்து எண்ணத்தக்க உரிமை என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்ன ஒன்று, சந்துக்குச் சந்து அறுபட்டுக் கிடப்பதை நாம் இனியும் ஒரு சில்லறை அசௌகரியமாகக் கருதலாகாது.

விதிகள் இல்லாமலில்லை. நடைபாதையில் தடையின்றி நடக்கும் அகலம் 1.8 மீட்டருக்குக் குறையலாகாது, அதன் விளிம்பு சாலைமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரலாகாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்றோ வகுத்துவிட்டது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரும் புதிருமாக வந்தாலும் ஒன்றையொன்று உரசாமல் போகக்கூடிய அகலம் அந்த 1.8 மீட்டர், வீட்டு மாடிப்படி ஒன்றின் உயரம் அந்த 15 சென்டிமீட்டர். ஆனால் வழக்கத்தில் நடப்பது வேறு. மோட்டார் சைக்கிள்கள் ஏறிவிடக்கூடும் என்ற பயத்தினால் நடைபாதையை முழங்கால் உயரத்துக்குக் கட்டிவிடுகிறார்கள். கட்டிய பிறகு, கார்கள் வீட்டுக்குள் போகவேண்டுமே என்பதற்காக வாசலுக்கு வாசல் அதை வெட்டிச் சரித்தும் விடுகிறார்கள். மோட்டார் சைக்கிள் அந்தச் சரிவின் வழியே சுலபமாக ஏறிவிடுகிறது. ஏறமாட்டாமல் நிற்பவர் ஊன்றுகோல் பிடித்த மூதாட்டிதான்.

நான் வற்புறுத்த விரும்பும் விஷயம் ஒன்றே. பெருஞ்சாலையோடு ஒரு சந்து வந்து சேரும் இடத்தில், நடைபாதையை அறுத்துச் சாலைமட்டத்துக்கு இறக்குவதை விட்டு, சந்தின் வாயை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிட வேண்டும். வீட்டு வாசல்களிலும் அவ்வாறே, விளிம்போரத்தில் மட்டும் ஒரு சிறு சரிவு வைத்து, நடக்கும் பரப்பைச் சமமாகவே விட்டுவிடலாம். நடப்பவர் நேரே நடந்து போகட்டும். வண்டி ஏறி இறங்கட்டும். வண்டிக்கு ஸ்பிரிங் உண்டு, எஞ்சின் உண்டு. எழுபது வயது முழங்காலுக்கு அவை இல்லை. தவிரவும், 15 சென்டிமீட்டர் மேட்டில் ஏற வேண்டிய ஓட்டுநர், போலீஸ்காரர் எவரும் நின்று அதட்டாமலே தாமாக வேகத்தைத் தணித்துக்கொள்வார். வேகந்தான் இதில் பிரதானம். வேகம் இரட்டித்தால் மோதும் சக்தி நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிற கார் இடித்து எழுந்து நடக்கிற பிள்ளை, 60 கிலோமீட்டரில் வருகிற கார் இடித்தால் அநேகமாக எழுந்திருப்பதில்லை.

இது மேல்நாட்டு யோசனை, நம் ஊருக்கு ஒத்துவராது என்பார்கள். நெதர்லாந்தின் தெருமுனைகளில் இந்த ஏற்பாடு இன்று சர்வ சாதாரணம் என்பது உண்மையே. ஆனால் அந்த நாடு அவ்வாறே பிறந்துவிடவில்லை. 1971-ஆம் ஆண்டில் அங்கே சுமார் 3,300 பேர் சாலையில் மாண்டார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். கார்களுக்காகத் தெருக்களை அகலப்படுத்துவதே முன்னேற்றம் என்று அவர்களும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. குழந்தைக் கொலையை நிறுத்து என்று கொதித்தெழுந்து பெற்றோர்கள் தெருவை மறித்து உட்கார்ந்த பிற்பாடுதான் அந்நாட்டின் தெருக்கள் உருமாறின.

நம் ஊரிலும் பிரத்யட்ச உதாரணம் இல்லாமற் போகவில்லை. தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில் விஸ்தாரமான நடைபாதை நிர்மாணித்து 2019 நவம்பரில் திறந்தார்கள். வாகனம் நிறுத்தும் இடம் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சம் அப்போது பலமாக இருந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே போய்ப் பாருங்கள். பாட்டனார் பெஞ்சில் அமர்ந்திருக்க, பேரப்பிள்ளை பத்து அடி தள்ளி ஓடி விளையாட, அந்தப் பிள்ளையின் கையை எவரும் இறுகப் பற்றிக்கொண்டிருப்பதில்லை. நம் கடைத்தெருவில் நடக்கும் தாய்மாரின் விரல்கள் குழந்தையின் மணிக்கட்டில் எவ்வளவு பதற்றத்தோடு அழுந்தியிருக்கும் என்பதைக் கவனித்தவர்களுக்கு, அந்தப் பற்று தளர்ந்திருப்பதன் அருமை தெரியும்.

சாலையைக் கடக்கும் விஷயத்திலும் இறங்கி ஏறுகிற சிரமம் நடப்பவர் தலையிலேயே விழுகிறது. மேம்பாலம் கட்டித் தருகிறோம் என்பார்கள். அடியில் உயரமான லாரிகளும் போகவேண்டும் என்பதனால் 5.5 மீட்டராவது இடைவெளி விட்டே அந்தப் பாலத்தைக் கட்டவேண்டும். ஆகவே எதிர்ச்சாரியில் இருக்கும் மருந்துக்கடைக்குப் போகிற நோயாளி சுமார் 40 படி ஏறி, 40 படி இறங்கவேண்டும். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை ஒரு புறநடை. அது ஒரு நெடிய நெரிசலின் மேலாக இரண்டு நிலையங்களைச் சேர்ப்பது. மற்றபடி, சாலையைக் கடக்கச் சாலைமட்டத்திலேயே வழி விடுவதுதான் நியாயம். 30 மீட்டர் அகலச் சாலையை, விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 25 விநாடியில் கடப்பார். முதியவர் அதைவிட வெகுவாகப் பிந்துவார். பச்சை விளக்கின் நேரத்தை அந்த முதியவரைக் கொண்டே கணக்கிடவேண்டும். நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டும் வேண்டும்.

சைக்கிள் நமக்கு அந்நியமன்று. 1949-இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்சாலையின் சைக்கிள்கள் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஓடின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பெண்கள் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். எழுத்தும் சைக்கிளும் ஒருசேரக் கைவந்த அந்தப் பெண்கள் தண்ணீர்க்குடத்தையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு ஊரூராய்ப் போன சரித்திரத்தை நாம் மறக்கலாகாது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே இலவசமாகச் சைக்கிள் தருகிறது. தந்தும் என்ன? நகரத்தில் அந்தச் சைக்கிளில் மகளைப் பள்ளிக்கு அனுப்பத் தாயின் மனம் துணிவதில்லை. சாலையின் இடது ஓரம் என்று நாம் சைக்கிளுக்கு ஒதுக்கியிருப்பது, சாக்கடை மூடியும் சரளை மண்ணும் சேருகிற இடம். நிறுத்திய காரின் கதவு எச்சரிக்கையின்றித் திறக்கிற இடம். தரையில் வெள்ளைக்கோடு இழுத்துவிட்டால் அது சைக்கிள் பாதையாகிவிடாது. மறுநாளே அது கார் நிறுத்துமிடமாகிவிடும். பெருஞ்சாலைகளில் நடைபாதைக்கும் நிறுத்திய கார்களுக்கும் நடுவே, விளிம்புக்கல்லால் பிரித்த தனிப்பாதை வேண்டும். குடியிருப்புத் தெருக்களுக்கு அதுகூட வேண்டாம். வண்டிகளின் வேகம் 30-க்கு அடங்கினாற் போதும்.

தெரு அகலமாக இல்லையே என்ற ஆட்சேபம் எப்போதும் எழும். மயிலாப்பூரில் பங்குனி மாதத்து அறுபத்து மூவர் உற்சவத்தன்று மாட வீதிகளில் வண்டிகளை விடுவதில்லை. அன்று அத்தனை ஜனத்திரளும், பல்லக்குகளும், நீர்மோர்ப் பந்தல்களும் அந்த வீதிகளில்தானே இடங்கொள்கின்றன! தெருவின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பது ஓடுகிற வண்டிகூட அன்று. நாளெல்லாம் அசையாமல் நிற்கிற வண்டி. பொது இடத்தில் சொந்த உடைமையை இலவசமாக வைத்துக்கொள்ளும் பாத்தியதையை யார் யாருக்குத் தந்தார்கள்? இதற்கு விடை சொல்லாமல், நடைபாதையை அடைக்கிறாள் என்று பூக்காரியை விரட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் வகுத்துத் தரச் சொல்கிறது. இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து தனியே திரும்புகிற பெண்ணுக்கு, அந்தப் பூக்கடையின் விளக்கே பெரிய துணை.

அதே 2014-இல் சென்னை மாநகராட்சி, இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான செலவில் 60 சதவீதத்துக்குக் குறையாத பங்கை நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் ஒதுக்கவேண்டும் என்பது அதன் உயிர்நாடி. தீர்க்கதரிசனமுள்ள கொள்கை அது. ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கும்போது, அந்த 60-இல் எத்தனை செலவாயிற்று என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வாசிக்கவேண்டும் என்று கேட்பது பிரஜைகளுக்குரிய கடமை.

சென்ற வாரம் எங்கள் சந்து முனையில் மழைநீர் வடிகால் வேலை முடிந்து, நடைபாதைக்குக் கல் பதிக்கத் தொடங்கினார்கள். நூல் பிடித்துக்கொண்டிருந்த மேஸ்திரியிடம், சந்து வாயில் பாதையை இறக்கப்போகிறீர்களா, சாலையை உயர்த்தப்போகிறீர்களா என்று கேட்டேன். “எல்லா இடத்திலும் இறக்கித்தான் ஐயா கட்டுவோம், உயர்த்தச் சொன்னால் எங்களுக்கு அரை நாள் வேலை, அவ்வளவுதான்” என்றார். நூல் இன்னும் அங்கே கட்டியிருக்கிறது, கல் பதிக்கவில்லை. வேலையை மேற்பார்க்கும் பொறியாளர் நாளை விடியற்காலை ஐந்தரை மணிக்கு வந்தால், அந்த அம்மையார் பூக்குடலையோடு அவ்வழியே வருவார்.