பையில்லாத சில வாரங்கள்
புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்ட பெரியவருக்கு உடனே மாட்டப்படுவது டியூபும் பையும்தான். அதற்கு மாற்றாகச் சிலருக்கு ஸ்டென்ட் வைக்கலாம். ஆனால் ஸ்டென்ட் என்றால் இதயத்துக்கு மட்டுமே என்று நினைக்கிறோம். சிறுநீர் வழிக்குள் வைக்கும் சுருள்கம்பி ஸ்டென்ட்டை ஃபேபியன் என்ற மருத்துவர் 1980-லேயே விவரித்துவிட்டார். பின்னால் வந்த ‘ஸ்பேனர்’ என்ற ஸ்டென்ட் 30 நாள்வரை உள்ளே இருக்கலாம். அடைப்பைத் திறந்து வைக்கும். சிறுநீரை அடக்கும் தசையைத் திறந்து பிடிக்காது. ஆகவே மனிதர் தானாகவே அடக்கி, தானாகவே கழிக்கலாம். பையை மறைக்க முடியாமல் பேத்தி கல்யாணத்துக்கே போகாமல் இருந்தவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! ‘ஐடிண்ட்’ வேறு வகை: 5 முதல் 7 நாள் அழுத்தி வழியை அகலமாக்கிய பின் எடுத்துவிடுவார்கள். ஸ்டென்ட் நகரலாம், எரிச்சல் தரலாம். சிறுநீர்ப்பையே வலுவிழந்தவருக்கு உதவாது. இருந்தும், அறுவை சிகிச்சையை உடல் தாங்காதவரிடமும் அதற்காகக் காத்திருப்பவரிடமும் இதைச் சொல்லாமல் விடுவது தவறு. அவர் கூச்சத்தில் கேட்கமாட்டார்; மருத்துவர்தான் பேச்சை எடுக்க வேண்டும்.