சேர்க்கைக்கு முன்னே ஒரு முற்பகல்

கோயம்புத்தூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் சாலையிலும், பல்லடத்திலிருந்து திருப்பூருக்குச் செல்லும் சாலையிலும், தை பிறப்பதற்கு முன்னரே பள்ளிக்கூடங்களின் விளம்பரத் தட்டிகள் வரிசையாக எழுந்துவிடுகின்றன. நீச்சல் குளம், குதிரையேற்றம், குளிரூட்டிய வகுப்பறை, சென்ற ஆண்டு பொதுத் தேர்வில் மதிப்பெண் குவித்த மாணாக்கரின் முகங்கள் எனச் சகல வைபவங்களும் அவற்றில் பிரகாசிக்கின்றன. வருகிற ஜூன் மாதம் அந்தப் பள்ளியில் முதன்முதலாக அடியெடுத்து வைக்கப்போகும் மூன்றரை வயதுக் குழந்தை எந்த அறையில் உட்காரும், அழுதால் அதை யார் தூக்குவார், சிறுநீர் வந்தால் அது யாரிடம் சொல்லும் என்ற விஷயங்களைப் பற்றி எந்தத் தட்டியிலும் ஒரு வரி இராது. பணம் கட்டி ரசீது வாங்கிய பிற்பாடுகூட அவற்றை நேரில் பார்த்தறிந்த பெற்றோர் நம்மில் மிகச் சிலரே.

பள்ளியைப் பெற்றோருக்கு அறிமுகம் செய்துவைக்கும் காரியம் நம் பக்கத்தில் தலைகீழான ஒரு சம்பிரதாயமாக மாறிவிட்டது. தந்தை எதுவரை படித்தார், தாய்க்கு ஆங்கிலம் பேச வருமா, சொந்தத் தொழிலா சம்பள உத்தியோகமா, மாலையில் வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் உண்டா என்று பள்ளிதான் பெற்றோரை விசாரித்து அறிந்துகொள்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கையின்போது நன்கொடை வாங்குவதையும், குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தத் தேர்வையும் தடைசெய்கிறது. அப்படித் தேர்வு வைக்கும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அதற்குப் பின் ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. எனினும் அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 6 முதல் 14 வயது வரை என்றே பொருள் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே உள்ள சந்தில்தான் நர்சரி வகுப்பின் நேர்முகத் தேர்வு சௌகரியமாகக் குடியிருக்கிறது. மூன்றரை வயதில் வடிகட்டிச் சேர்த்துவிட்டால், ஆறு வயதில் சட்டம் வந்து நிற்கும்போது வடிகட்டுவதற்கு மிச்சம் எதுவும் இராது.

இதற்கு நியாயமான மாற்று, பெற்றோர் பள்ளியைப் பார்ப்பது. பார்க்க வேண்டிய நாளும் ஆண்டு விழா நாளாக இருந்தால் பயனில்லை. அன்றைக்கு எந்தப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். விசேஷம் ஏதும் இல்லாத ஒரு வேலைநாளின் முற்பகலில், வேனிலிருந்து இறங்கிய அழுகை ஓய்ந்து, மதிய உறக்கத்துக்கு இன்னும் நேரமிருக்கும் பொழுதில், நர்சரி அறையின் ஒரு மூலையில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தால் போதும். கைகழுவும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது, கழிப்பறைத் தாழ்ப்பாள் உள்ளே சிக்கிக்கொள்ளும் ஜாதியா, சுவரில் ஒட்டியிருப்பவை குழந்தைகள் தீட்டிய கிறுக்கல்களா அல்லது கடையில் வாங்கிய வண்ணப் படங்களா, உபாத்தியாயினி பேசும்போது குனிகிறாரா அல்லது குழந்தை அண்ணாந்து பார்க்கிறதா என்பவற்றை எந்தக் கையேடும் சொல்லாது. அந்த அரை மணி நேரம் சொல்லிவிடும். பத்தரை மணிச் சிற்றுண்டி வேளையைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். எவர்சில்வர் டிபன் டப்பாவின் இறுகிய மூடியை மூன்றரை வயது விரல்களால் திறக்க முடியாது. திறந்து கொடுக்க ஒருவர் வராத வகுப்பில் அந்த டப்பா அப்படியே மூடியபடி வீடு திரும்பும். குழந்தைக்குப் பசியெடுப்பதில்லை என்று தாய் மருத்துவரிடம் போய் நிற்பாள்.

மூடியைத் திறந்து கொடுப்பவர் பெரும்பாலும் ஆயாம்மாதான். நர்சரி வகுப்பில் குழந்தையின் உடலோடு மிக நெருங்கிப் பழகுபவர் அவரே. முகம் துடைப்பதும், உடை மாற்றுவதும், வாந்தி எடுத்தால் தரையைக் கழுவுவதும் அவர் பொறுப்பு. ஆனாலும் தாளாளர், முதல்வர், ஒருங்கிணைப்பாளர் என்று பெரிய எழுத்தில் பெயர் போடும் கையேடுகளில் அவருக்கு இடமில்லை. என்னைக் கேட்டால், ஒரு நர்சரியைப் பற்றிப் பெற்றோர் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இங்கே ஆயாம்மா எத்தனை வருஷமாக இருக்கிறார் என்பதுதான். அடிக்கடி மாறும் ஆயாம்மா, அந்த ஸ்தாபனம் தன் கீழ்நிலைப் பணியாளரை எப்படி நடத்துகிறது என்பதற்கும் சாட்சி.

சூலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் இரும்புக் கதவுக்கு வெளியே, பேரனைக் கொண்டுவந்து விட்ட அம்மிச்சி ஒருவர் காவலாளியிடம் மன்றாடிக்கொண்டிருந்ததை ஒரு முறை கேட்க நேர்ந்தது. "ஏனுங் தம்பி, புள்ள எங்க உக்காந்திருக்கறான்னு ஒரே ஒரு எட்டுப் பாத்துப்போட்டு வந்தர்றனுங்க" என்றார் அவர். "அதெல்லாம் உடமாட்டாங்கம்மா. அந்த எல்.கே.ஜி. பக்கம் நானே போனதில்லீங்க" என்றார் காவலாளி. அவர் பேச்சில் அவமரியாதை துளியும் இல்லை; தனக்கும் மூடியிருக்கும் கதவைத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார்.

பெற்றோருக்குக் குழந்தையின் மனத்தை அறிமுகம் செய்துவைக்கும் சிந்தனை இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1930-இல் அவிநாசிலிங்கம் செட்டியார் தொடங்கி, பின்னர் பெரியநாயக்கன்பாளையத்தில் வேரூன்றிய ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர், மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டு வலசில் 1908-இல் பிறந்த பெரியசாமித் தூரன். கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் என்று உலகம் அவரை அறியும். குழந்தைகளுக்கென்றே 10 தொகுதிகளில் ஒரு கலைக்களஞ்சியத்தை உருவாக்கிய அவர், 'குழந்தை உள்ளம்' என்ற பெயரில் உளவியல் நூல் ஒன்றையும் தமிழில் எழுதினார். ஆங்கிலம் அறிந்தோர்க்கே எட்டிய ஒரு சாஸ்திரத்தைத் தமிழ் படிக்கும் தாய் தந்தையரின் கைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற சிரத்தை, ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக்கு முன் ஒரு கொங்கு ஆசிரியருக்கு இருந்தது.

குழந்தைக் கல்வியில் புது முறை கண்ட இத்தாலியர் மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து பிரம்மஞான சபையின் ஆதரவில் ஆசிரியருக்குப் பயிற்சி அளித்ததும், உலக யுத்தம் மூண்டு இத்தாலி எதிரி நாடாகிவிட்டபடியால் இங்கேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலில் சில காலம் வாழ்ந்ததும் தமிழ்நாட்டுச் சரித்திரத்தின் பகுதி. குழந்தை தானே தேர்ந்து தன் கையால் செய்யும் வேலையைப் பெரியவர் குறுக்கிடாமல் கவனிக்க வேண்டும் என்பது அவர் முறையின் உயிர்நாடி. இன்று பீளமேட்டிலிருந்து பொள்ளாச்சி வரை அவர் பெயரைத் தாங்கிய பலகைகளுக்குக் குறைவில்லை. அப்பெயரை எழுதிக்கொள்ள எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அத்தகைய பலகைக்குப் பின்னாலும் மூன்றரை வயதுக் குழந்தை நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருப்பதைக் காணலாம். அந்த வயதில் மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அந்தக் கைக்கு உகந்தவை களிமண் பிசைதலும், புளியங்கொட்டை பொறுக்கிப் பிரித்தலும், மணி கோத்தலும்தான். இந்தக் குற்றத்தில் பள்ளிகளை மட்டும் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. முதல் மாதமே நோட்டைத் திருப்பிப் பார்த்து, "ஒண்ணுமே எழுதலியே" என்று வந்து நிற்பவர்கள் பெற்றோர்களே. வகுப்பை ஒருநாள் பார்த்திருந்தால், மணலில் விளையாடிய மண்ணோடு வீடு வரும் குழந்தையைப் பார்த்து மனநிறைவு கொண்டிருப்பார்கள்.

பெற்றோர் உள்ளே வந்தால் ஒழுங்கு குலையும், பாதுகாப்புக்குப் பங்கம் வரும் என்று பள்ளி நிர்வாகிகள் சொல்வதுண்டு. கண்டபடி, கண்ட நேரத்தில் யாரும் நுழையலாகாது என்பதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் பாதுகாப்பின் பெயரால் பெற்றோரை வெளியே நிறுத்துபவர்கள், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீக்கிரையானதை நினைவுகூர வேண்டும். அங்கே நர்சரியும் தொடக்கப் பள்ளியும் உள்ளிட்ட பள்ளிகள் ஒரே கட்டடத்தில் நெருக்கி நடத்தப்பட்டன. கூரை கீற்று, படிக்கட்டு குறுகல், சமையற்கட்டில் அடுப்பு. இவற்றுள் எதுவும் இரகசியமாக இருந்ததில்லை. நின்று பார்க்கும் கண்ணும் கேட்கும் வாயும் மாத்திரமே இல்லாமற் போயின. சமையலறை எங்கே, இறங்குவதற்கு எத்தனை வழி, நர்சரி தரைத்தளத்தில் இருக்கிறதா என்று கேட்கும் தாயை அதிகப்பிரசங்கியாக நினைக்கும் பள்ளி, அந்தத் தேதியை மறந்துவிட்ட பள்ளி.

இதுவரை சொன்னது தனியார் பள்ளிகளைப் பற்றி. அரசின் பக்கம் திரும்பினால் நோய் வேறு விதமானது. கதவு திறந்தே கிடக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அழைத்துக் காட்டுவோரைத்தான் காணோம். அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022 ஜூனில் அங்கே பணிபுரிந்த ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திருப்பி அனுப்பி அவ்வகுப்புகளைக் கைவிடும் முடிவு வெளியாக, எதிர்ப்பு எழுந்த சில நாள்களிலேயே வகுப்புகள் தொடரும் என்று அரசு அறிவித்தது. மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை நியமிக்கவும் ஏற்பாடாயிற்று. ஐயாயிரம் ரூபாய் ஊதியத்தில் ஒரு மாநிலத்தின் மழலைக் கல்வியை நடத்திவிடலாம் என்ற எண்ணத்தைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே நான் வியப்பது வேறொன்று: அப்படி ஒரு வகுப்பு தங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியிலேயே இருப்பதை அறியாமல், ஏழரை மணிக்குத் தோட்டத்துச் சாளையின் வாசலில் வந்து நிற்கும் வேனில் குழந்தையை ஏற்றிவிடும் குடும்பங்கள் எத்தனையோ.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்த காலைச் சிற்றுண்டித் திட்டத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. காரணம், பொங்கலையும் கிச்சடியையும் குழந்தை வீட்டில் வந்து வர்ணிக்கிறது. வகுப்பறைக்குள் நடப்பதை வர்ணிக்க அதற்கு மொழி போதாது. அதைப் பெரியவர்கள்தாம் கண்டுகொள்ள வேண்டும். மேட்டுப்பாளையம் பக்கத்து இராமம்பாளையம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, வழவழப்பான தரையும் கணினியும் சுத்தமான கழிப்பறையுமாக மாறியபோது, அதன் படங்கள் சமூக வலைத்தளங்களில் பரவி, அரசுப் பள்ளி இப்படியும் இருக்குமா என்று வெகுதூரத்தில் உள்ளவர்களையும் கேட்க வைத்தன. எல்லா ஊருக்கும் அந்தத் தரை வாய்க்காது. இருப்பதைக் காட்டும் துணிவு எல்லா ஊருக்கும் வாய்க்கக் கூடியதே.

காட்டுவதற்கு நேரம் முக்கியம். அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் 1-ஆம் தேதியே தொடங்குகிறது. முன்பு இருந்த நிலைக்கு இது முன்னேற்றம்தான். ஆயினும் தனியார் நர்சரிகள் தைப்பூசத்துக்கு முன்பே முன்பணம் வாங்கி முடித்துவிடுகின்றன. முன்பணம் கட்டிய தகப்பன் மார்ச்சில் வந்து எந்தப் பள்ளியையும் சுற்றிப் பார்க்கமாட்டான். ஆகவே பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, ஜனவரிக் கடைசியில் இரண்டு முற்பகல்களை ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் ஊர்ப் பெற்றோருக்கென்று ஒதுக்கலாம். ஈராசிரியர் பள்ளியில் வகுப்பை விட்டுவிட்டு யார் சுற்றிக் காட்டுவது என்ற கேள்விக்குப் பதில் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது: அரசு, உதவி பெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தன் குழந்தையை அங்கே படிக்கவைக்கும் ஒரு தாய் சொல்லும் சொல்லுக்குத் தலைமை ஆசிரியரின் சொல்லைவிட மதிப்பு அதிகம். குறையையும் அவளே ஒளிக்காமல் சொல்லுவாள்.

திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் கோவையின் பவுண்டரிகளிலும் வேலை செய்வோருக்கு வேலைநாள் முற்பகல் என்பது அரை நாள் கூலி. அவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் இல்லாத வெற்று அறையைத்தான் அன்று பார்க்க முடியும் என்றாலும், குழாயின் உயரத்தையும் படிக்கட்டையும் பார்த்துவிடலாம், ஆயாம்மாவிடம் நாலு வார்த்தை பேசிவிடலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இதே தெருக்களில் குடியிருப்போருக்கு அவர்கள் பாஷையில் ஒரு பக்க அறிவிப்பு அச்சிடுவது பெரிய செலவாகாது. தனியார் பள்ளிகளைப் பொறுத்தவரை, பணம் வாங்குவதற்கு முன் நர்சரி வகுப்பை நடக்கும் நிலையில் காட்டியாக வேண்டும் என்று கல்வித் துறை ஒரு விதி செய்யட்டும். அதுவரை, காட்ட மறுக்கும் பள்ளியின் விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்யாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவது பெற்றோரின் கையில்தான் இருக்கிறது.