கொடிக்குச் சான்றிதழ், கொய்தவருக்கு?

தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் ‘டாப்’ என்றால் ஒரு மடக்கு மது. அங்குள்ள திராட்சைத் தோட்டங்களில் அது கூலியின் பெயராகவும் இருந்தது. காலையில் ஒரு குவளை, வேலைக்கு நடுவே சில குவளைகள், பொழுது சாயும்போது இன்னொன்று. மட்டமான ஒயினைக் கூலியில் ஒரு பங்காக ஊற்றிக் கொடுத்தார்கள். ஆண்டைக்கு இதில் இரட்டை லாபம். கொடுக்க வேண்டிய காசு மிச்சம். குடிக்குப் பழகியவன் வேறு தோட்டம் தேடிப் போகவும் மாட்டான். 1960களில் சட்டம் இதைத் தடை செய்தது. ஆனாலும் 1990கள் வரை பல தோட்டங்களில் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகில் மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் மேற்குக் கேப்பும் ஒன்று.

சாணிப்பாலும் சவுக்கடியும் கொடுத்த தஞ்சைப் பண்ணைகளின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இன்னும் நெருக்கமான உறவும் உண்டு. கேப்பில் முதல் ஒயின் பிழியப்பட்டது 1659இல். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே அடிமைகளாகக் கொண்டுபோய் இறக்கியவர்களில் மடகாஸ்கரிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் பிடிக்கப்பட்டவர்களோடு, வங்கத்திலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் விற்கப்பட்டவர்களும் இருந்தார்கள். செயின்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்டிருந்த நெப்போலியன் விரும்பிக் குடித்த கான்ஸ்டான்ஷியா ஒயின் அந்த உழைப்பில் வந்தது. நெப்போலியன் குடித்ததை ஒயின் புத்தகங்கள் தவறாமல் எழுதுகின்றன.

இன்றைக்கு அதே மண்ணின் ஒயின் ‘நெறியான’ பொருளாக ஐரோப்பியக் கடைகளுக்குப் போகிறது. 2010 முதல் தென்னாப்பிரிக்க பாட்டிலின் கழுத்தில் சுற்றுச்சூழல் முத்திரை ஒன்று ஒட்டப்படுகிறது. பூச்சிமருந்தை எப்படிப் பயன்படுத்தினார்கள், கழிவுநீரை என்ன செய்தார்கள், தோட்டத்தைச் சுற்றியுள்ள இயற்கைத் தாவரங்களைக் காத்தார்களா என்றெல்லாம் பார்த்துத் தருகிற முத்திரை. அதிலுள்ள எண்ணைக் கொண்டு பாட்டிலின் பூர்வீகத்தைச் சரிபார்க்கலாம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண் நம்மைக் கொடிவரைக்கும்தான் கூட்டிப்போகும். கொடிக்கு அருகில் கத்தரியோடு நிற்பவரின் வீடுவரை போகாது.

2011இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அந்த வீடுகளுக்குப் போனது. குடிநீரோ கழிப்பறையோ இல்லாமல் வேலை வாங்குவதையும், பாதுகாப்பு உடை கொடுக்காமல் பூச்சிமருந்துக்கு நடுவே நிறுத்துவதையும் அதன் அறிக்கை பதிவு செய்தது. ஒரு குடும்பம், முன்பு பன்றிக் கொட்டிலாக இருந்த இடத்தில், மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் 10 ஆண்டுகள் குடியிருந்தது. 1994க்கும் 2004க்கும் இடையில், அதாவது விடுதலைக்குப் பிறகான முதல் பத்தாண்டில், நாடு முழுவதும் பண்ணைகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 9 லட்சத்துக்கும் மேல் என்ற மதிப்பீட்டையும் அது எடுத்துச் சொல்கிறது. வேலை போனால் கூரையும் போகும் என்பதுதான் அங்குள்ள ஏற்பாடு. அப்படி வாழ்கிறவரிடம், முதலாளி அனுமதித்த நாளில் ஒரு தணிக்கையாளர் வந்து, “உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்?

தொழிலாளர் தரத்துக்கென்று தனி அமைப்பு இல்லாமலும் இல்லை. 2002இல் தொடங்கப்பட்ட வீட்டா, முதலாளிகளோடு தொழிற்சங்கங்களையும் தொண்டு நிறுவனங்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது. 2012இல் நியாயமான உழைப்புக்கான முத்திரையும் கொண்டுவந்தது. ஒன்றுமே இல்லாததற்கு இது மேல். ஆனாலும் 2016இல் டென்மார்க் இதழாளர் டாம் ஹைனமனின் ‘பிட்டர் கிரேப்ஸ்’ ஆவணப்படம் வெளிவந்தபோது அந்த முத்திரையின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளானது. டென்மார்க்கின் சில கடைகள் அவசரமாகச் சில பாட்டில்களை அலமாரியிலிருந்து எடுத்தன. அந்த ஒயினை அதுவரை அடிமாட்டு விலைக்குக் கேட்டு வாங்கியது யார் என்ற கேள்வி மட்டும் அலமாரியிலேயே இருந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஒயின் ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் பாட்டிலில் போவதில்லை. பெரும் பைகளில் மொத்தமாகக் கப்பலேறி, ஐரோப்பாவில் அடைக்கப்பட்டு, சூப்பர் மார்க்கெட்டின் சொந்தப் பெயரிலேயே விற்கப்படுகிறது. வாங்குபவர் லிட்டருக்கு விலையைக் குறைத்துக்கொண்டே, நெறிமுறை நிபந்தனைகளை மட்டும் பக்கம் பக்கமாக அனுப்பினால், அந்த இரண்டுக்கும் இடையில் நசுங்குவது கூலிதான்.

(இங்கே நகரங்களில் ‘நஞ்சில்லா அரிசி’ வாங்குகிற நண்பர்களிடமும் இதையே கேட்கிறேன். நிலம் யாருடையது? களை எடுத்தவர் எந்தத் தெரு? பதில் தெரிந்தவர் ஒருவரைக்கூட இன்னும் பார்க்கவில்லை.)

அந்த 2011 அறிக்கையில் என்னை அதிகம் உறுத்தியது பன்றிக் கொட்டில் அல்ல, ஓர் எண். மேற்குக் கேப்பின் பண்ணைத் தொழிலாளர்களில் சங்கத்தில் இருந்தவர்கள் சுமார் 3 சதவீதம். மற்ற அத்தனை குறைகளும் இந்த எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன. மறு ஆண்டு நவம்பரில் டி டூர்ன்ஸ் ஊரில் திராட்சைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திச் சாலையில் இறங்கினார்கள். கேட்டது நாளுக்கு 150 ரேண்ட். போராட்டம் ஊர் ஊராகப் பரவியது, மூன்று உயிர்கள் போயின. 2013 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி 69 ரேண்டிலிருந்து 105 ரேண்ட் ஆனது. ஒரே அடியில் பாதிக்கும் மேல் உயர்வு. எந்தச் சான்றிதழாலும் வந்த உயர்வல்ல அது.

ஆகவே ‘நெறியான கொள்முதல்’ என்று சொல்லும் எந்தக் கடையிடமும் முதலில் கேட்க வேண்டியது, தோட்டத்தில் சங்கம் இருக்கிறதா என்பதைத்தான். முன்னறிவிப்பில்லாமல் தணிக்கை நடக்கிறதா, அதன் அறிக்கை தொழிலாளர் கைக்கு வருகிறதா, வேலை முடிந்தாலும் வீடு நிலைக்குமா, லிட்டருக்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. புறக்கணிப்பு என்று நாமாக அறிவிக்கவும் வேண்டாம். அதைக் கேட்கும் உரிமை அங்குள்ள சங்கங்களுடையது. அவர்கள் அழைத்தால் நிற்போம். ஸ்டாக்ஹோமிலும் லண்டனிலும் படிக்கிற தோழர்கள் இந்த வாரம் கடைக்குப் போகும்போது இந்தக் கேள்விகளை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கி அனுப்பலாம்.