இரத்தம் விடியும்வரை காத்திருக்காது

அல்சர் வெடித்து இரத்த வாந்தி எடுத்தால் முதலில் வாயால் கமரா விட்டுப் பார்ப்பினம். அதுதான் சரி; பெரும்பாலும் அதோடயே இரத்தம் நிக்கும். நிக்காட்டி? உடனே வயிற்றைக் கிழிக்கத்தான் வேணுமா?

தொடை மடிப்பு நாடியால் மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயம் ஏற்றி, கசியும் நாடியை எக்ஸ்ரேயில் கண்டுபிடித்து, சின்னக் கம்பிச்சுருளால் அடைக்கலாம். நாடியைக் குழாய்வழியே அடைக்கும் வைத்தியத்தை ரோஷ், டொட்டர், பிரவுண் மூவரும் 1972இலேயே எழுதிவிட்டார்கள். 50 வருஷம் தாண்டியும் இதை 'நவீன வசதி' எண்டு சொல்லித் தப்பிக்கிறது அநியாயம்.

மெஷின் வாங்கி ரிப்பன் வெட்டினால் போதாது. இரவு 2 மணிக்கும் அதை இயக்கத் தெரிந்த டொக்டரும் தாதியும் ரேடியோகிராபரும் வேணும். அல்சர் ஒப்பீஸ் நேரம் பார்த்து வெடிக்கிறதில்லை.